குளக்கட்டின் கீழே ஒரு நந்தவனம்

சித்திரை விடுமுறை தொடங்கிவிட்டால் வவுனியா–மன்னார் வீதியில் அதிகாலையிலேயே வாடகை வாகனங்களின் ஓட்டம் தெரியும். பம்பைமடு, பூவரசங்குளம், செட்டிகுளம் என்று வழிநெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டு பெரும்பாலானவை போவது நுவரெலியாவுக்கு. குளிருக்குச் சுவெட்டர், வழிக்குக் கட்டுச்சோறு, பிள்ளைகள் சத்தி எடுக்காமலிருக்கத் தேசிக்காய். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 1897இல் உருவான விக்டோரியா பூங்காவுக்குப் போய், பூப்பாத்திகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரவோடிரவாகத் திரும்பிவிடுவார்கள்.

நல்ல பூங்கா. சித்திரைக்கென்றே நாற்று வைத்துப் பூக்க வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கிழமைகளில் அங்கே முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நகரலாம், நடக்க முடியாது. பறவை பார்க்கிறவர்கள் அந்தப் பூங்காவைத் தேடிப் போவது மார்கழியிலும் தையிலும். இந்தியாவிலிருந்து வந்து தங்குகிற ஆறுமணிக் குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அப்போதுதான் அங்கே இருக்கும். எங்கள் கூட்டம் போய்ச் சேருகிற நேரம் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே பறந்துவிடும்.

நான் எழுத வந்தது வேறொரு பூங்காவைப் பற்றி. எங்கள் பூவரசங்குளத்திலிருந்து எழுபது கிலோமீற்றர் அளவில், மலை ஏறாமல், எங்கள் வெயிலிலேயே, எங்கள் ஊர் மரங்களின் நிழலிலேயே அது இருக்கிறது. அநுராதபுரத்தில் திசாவாவியின் கட்டுக்குக் கீழே உள்ள ரன்மசு உயன. அரசர்கள் குளித்து இளைப்பாறிய தோட்டம். மாரி ஓய்ந்து குளங்கள் நிறைந்து நிற்கிற தையும் மாசியும் அங்கே போவதற்கான பருவம். வறண்ட மண்ணில் ஒரு தோட்டம் எப்படி உயிரோடு இருக்கும் என்று தெரிந்தவர்கள் கட்டிய பூங்கா அது. எங்கள் நகரங்களுக்கு இப்போது பூங்கா போட நினைக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை அங்கே போய் நடந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் ஆட்களுக்கு அநுராதபுரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெரியாசுப்பத்திரி. வவுனியாவிலிருந்து நோயாளியை மாற்றி அனுப்பினால் பின்னாலேயே பஸ் ஏறிப்போய், வார்ட்டு வாசலில் காத்திருந்து, இருட்ட முன் திரும்பிவிடுகிற ஊர். அடுத்தது சிறிமாபோதி. வெள்ளை உடுத்த யாத்திரிகர்களோடு நாங்களும் பாதணியைக் கழற்றிவிட்டு அரசமரத்தைச் சுற்றிவருவோம். அந்த அரசமரம் நிற்கிற நிலமே ஒரு பூங்காதான் என்பது பலருக்குத் தெரியாது. மகாமேகவனம் என்று பெயர். மூத்தசிவன் என்ற அரசன் அதை அமைத்தான் என்றும், இடம் தெரிந்தெடுத்த நேரத்தில் பருவம் தப்பிய பெருமேகம் ஒன்று திரண்டு மழை கொட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்றும் மகாவம்சம் சொல்கிறது. பூமரமும் பழமரமும் நிறைந்த அந்தத் தோட்டத்தை அவன் மகன் தேவநம்பியதீசன் மகிந்த தேரருக்குத் தானம் செய்தான். எல்லாளன் 44 ஆண்டுகள் நடுநிலை தவறாமல் ஆண்டதும் இதே நகரத்திலிருந்துதான் என்று அதே மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே இங்கே நடக்க வருகிற தமிழர் யாரும் அந்நிய வீட்டுக்குள் நுழைந்தவரைப்போலக் கூசி நடக்கவேண்டியதில்லை.

ரன்மசு உயன சிறிமாபோதிக்குத் தெற்கே, இசுருமுனி விகாரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 40 ஏக்கர். மேற்குப் பக்கம் முழுவதும் திசாவாவியின் கட்டு நீண்டு கிடக்கிறது. கட்டில் ஏறி நின்றால் ஒரு புறம் தண்ணீர்ப் பரப்பு, மறுபுறம் காலடியில் தோட்டம். தண்ணீர் மேலே, தோட்டம் கீழே. இந்த ஒரு ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கிவிடும்.

உள்ளே போனதும் பெரும் பாறைகள். அவற்றின் இடுக்குகளிலும் அடிவாரத்திலும் கல்லாலான பொய்கைகள். படிகளும் விளிம்புக் கற்களும் இன்னும் ஒழுங்காகவே இருக்கின்றன. பொய்கைகளை அடுத்துச் சிறிய அறைகள். அரச குடும்பத்தார் உடை மாற்றுவதற்கு என்கிறார்கள். ஒரு பொய்கையில் பாறை முகமே சுவராக இருக்கிறது. அதில் யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பாறையிலிருந்து அரை அங்குலம், ஓர் அங்குலம் எழும்பிய செதுக்கல்தான். முதலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வெயில் சரிவாக விழும்போது ஒரு முதுகு தெரியும், பிறகு ஒரு காது, பிறகு தூக்கிய தும்பிக்கை. தாமரைகளுக்கு நடுவே நின்று தண்ணீரைத் தன்மேல் இறைத்துக்கொள்கிற யானை. செதுக்கியவன் யானை குளிப்பதை அருகில் நின்று பார்த்தவன். கண்ணை அரைவாசி மூடி, அந்தச் சுகத்தில் உடம்பைத் தளர விட்டுக்கொண்டு நிற்கிற நிற்பு அப்படியே கல்லில் வந்திருக்கிறது. பொய்கையில் நீர் நிறைந்திருக்கும்போது அந்த யானைகளின் கால்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருக்கும். ஆடி மாதம் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. வறண்ட கல்லில் காய்கிற யானைகளைத்தான் பார்க்கலாம்.

எங்களோடு ஒருமுறை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். மற்றவர்கள் யானையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கல் வாய்க்காலின் பக்கத்தில் குந்தி அதன் சரிவைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கையிருந்து வருது ஐயா?” என்று கேட்டேன்.

“குளத்திலயிருந்துதான் தம்பி. ஆனா வந்த தண்ணி இஞ்ச முடியேல்லப் பாருங்கோ. அங்கால வெளிய போகுது. குளிச்சு முடிஞ்சு வேலைக்குப் போகுது.”

அவர் கல்வெட்டு எதையும் படித்தவர் அல்லர். ஆனால் பக்கத்திலுள்ள வெஸ்ஸகிரியில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்காம் மகிந்தன் காலத்துக் கல்வெட்டும் இதையேதான் சொல்கிறது. திசாவாவியிலிருந்து திறக்கிற நீர் முதலில் அரச தோட்டத்துப் பொய்கைகளுக்குப் போய், அங்கிருந்து இசுருமுனி விகாரையின் வயல்களுக்குப் பாயவேண்டும் என்பது ஏற்பாடு. நெல்லுக்குப் போகவேண்டிய தண்ணீர் போகிற வழியில் ஒரு தோட்டத்தையும் குளிர்வித்துவிட்டுப் போயிருக்கிறது. பூங்காவுக்கென்று கமக்காரரிடமிருந்து தண்ணீரைப் பறிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் நான் கண்ட எல்லாவற்றிலும் பெரிய அழகு இதுதான் என்று சொல்வேன்.

இணையத்தில் ரன்மசு உயனவைத் தேடினால் இந்தத் தண்ணீர்க் கதை கிடைப்பது அரிது. பாறை ஒன்றில் ஆறடி அகலத்தில் கீறியுள்ள சக்வல சக்கரத்தைத்தான் காட்டுவார்கள். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், ஓரத்தில் மீனும் ஆமையும் போன்ற நீர்வாழ் உயிர்கள், எதிரே பாறையில் வெட்டிய இருக்கைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல் அதைப் பௌத்த மரபின் பிரபஞ்ச வரைபடம் என்று கருதினார். இப்போதோ வேற்றுக்கிரகத்தார் வந்துபோன வாசல் என்று கதை பரப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வருகிறவர்கள் நேரே அந்தப் பாறைக்குப் போய், படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள். மனிதரே செய்த அதிசயம் வாய்க்காலாகக் காலடியில் ஓடுகிறது; அதைக் காண யாருக்கும் நேரமில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

திசாவாவி தேவநம்பியதீசன் காலத்தது; வயது 2,200 ஆண்டுக்கு மேல். நகரம் பெருக அந்த நீர் போதாமல் போயிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியைக் கட்டுவித்து, அங்கிருந்து ஜயகங்கை என்ற கால்வாயை 87 கிலோமீற்றர் தூரத்துக்கு வெட்டி, திசாவாவிக்கு நீர் கொண்டுவந்தான். முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம் அளவே சரிவு என்று அளந்திருக்கிறார்கள். வயலில் வரம்பு கட்டி நீர் மட்டம் பார்க்கிற எவருக்கும் அது எவ்வளவு நுட்பமான வேலை என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்தத் தாதுசேனனின் மகன்தான் சிகிரியாவின் காசியப்பன். அரசைப் பிடித்த மகன், ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று தகப்பனைக் கேட்டு வருத்தினான். தகப்பன் கலாவாவிக்குப் போய், நீரை இரு கையாலும் அள்ளி, என் செல்வம் எல்லாம் இதுதான் என்று காட்டினான் என்பது சூளவம்சக் கதை. அதன் பிறகு தகப்பனைக் கொன்றுவிட்டார்கள். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், சிகிரியாக் குன்றின் மேல் அரண்மனையும் அடிவாரத்தில் நீர்த்தோட்டமும் அமைத்தான். நீரைச் செல்வம் என்று சொன்ன தகப்பனைக் கொன்றவன், நீரை வைத்தே தன் தோட்டத்தை அழகு செய்திருக்கிறான். அந்தத் தோட்டத்தில் நடக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் என்னைவிட்டுப் போவதில்லை.

சிகிரியா வவுனியாவிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குன்றில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். மேற்கு வாசலில் அகழியைக் கடந்ததும் நேர்கோட்டுப் பாதை ஒன்று குன்றை நோக்கிப் போகிறது. அதன் இருபுறமும் ஒன்றை ஒன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் அமைந்த பொய்கைகள். சற்று அப்பால் நீர்ப்பீச்சுகள். சுண்ணாம்புக்கல் தட்டு ஒன்றில் துளைகள் போட்டு நிலத்தோடு பதித்திருக்கிறார்கள். பார்த்தால் வடிகால் மூடி என்றுதான் தோன்றும். நிலத்துக்கு அடியால் வருகிற நீர் உயரத்திலிருந்து இறங்குகிற அழுத்தத்தினாலேயே அந்தத் துளைகளால் மேலே எழும்புகிறது. பம்பி இல்லை, இயந்திரம் இல்லை. 1980களின் அகழ்வுப் பணியில் துப்புரவு செய்தபின், கனத்த மழைக்காலத்தில் அவை இன்றும் பீச்சுகின்றன. வெயில் காலத்தில் போனவர்கள் அந்தத் தட்டுகளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தோட்டங்களை முழுதாகப் பார்க்க மழையின் தயவு வேண்டும். மழையில் நனையப் பயந்தவர்களுக்கு அரைவாசித் தோட்டம்தான் கிடைக்கும்.

சுற்றிப் பார்க்க, சும்மா நடக்க என்று தெற்கே போவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் அல்ல. போரால் ஒரு தலைமுறைக்கு மேல் தெற்கே போகிற வீதி அடைபட்டுக் கிடந்தது. வவுனியாவில் தங்கவே பாஸ் எடுத்த காலம் உண்டு. ஈரப்பெரியகுளம் சோதனைச்சாவடியில் பையை இறக்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மருந்துக்கு, கடவுச்சீட்டுக்கு, மரண வீட்டுக்கு என்று சொல்லலாம். பூங்காவில் நடக்க என்று யார் சொல்லியிருக்க முடியும்? எங்கள் வீதியோரத்திலேயே, செட்டிகுளத்துப் பக்கம், 2009இல் மெனிக் பாம் முகாம் எழுந்தது. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனங்கள் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது முழுதாக மூடப்பட்டது. அந்தக் கம்பிக்குள் நடை பழகிய பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலை எதுவும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு மரத்தின் கீழ் மெல்ல நடப்பதை ஆடம்பரம் என்று சொல்ல என்னால் முடியாது.

வடக்கே போனால் யாழ்ப்பாணத்தில் பழைய பூங்கா இருக்கிறது. 1829இல் அதிபராக வந்து 1867இல் இறக்கும் வரை அந்தப் பக்கத்தை ஆண்ட பேர்சிவல் அக்லண்ட் டைக் மரம் நட்டு வளர்த்த இடம். போரில் சிதைந்த பழைய கச்சேரிக் கட்டடம் பக்கத்தில் நிற்கிறது. கட்டடம் போனாலும் மரங்கள் பிழைத்துக் கொண்டன. மாலையில் அங்கே நடக்கிறவர்களுக்கு நிழல் கொடுக்கிறவை அவைதான். கண்டிப் பக்கம் போகிறவர்களுக்குப் பேராதனை உண்டு. 1821இல் அலெக்சாண்டர் மூன் பொறுப்பில் தொடங்கிய, மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிற 147 ஏக்கர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் பார்த்த இடம் என்பதால் அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

கடல் கடந்த எங்கள் உறவுகளுக்கும் பூங்காவுக்குப் போகிற பழக்கம் வந்திருக்கிறது. சித்திரை பிற்பாதி, வைகாசித் தொடக்கத்தில் ரொறன்ரோவிலிருந்து சக்குராப் பூப்படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். ஜோன் ஹவார்ட் என்பவர் 1873இல் தன் நிலத்தை நகரத்துக்குக் கொடுத்ததில் உருவானது அங்குள்ள ஹை பார்க். அந்தச் செர்ரி மரங்கள் தோக்கியோ நகரத்தார் 1959இல் கொடுத்த அன்பளிப்பு. பூ ஒரு கிழமை, பத்து நாள்தான் நிற்கும். அதற்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறார்கள். பூவரசங்குளத்தில் பிறந்த பிள்ளைகளும் அந்தப் படங்களில் உண்டு. பருவம் பார்த்துப் பூப் பார்க்கப் போகிற அந்த மனம் நல்ல மனம். அதை ஊர்ப் பக்கமும் கொஞ்சம் திருப்பவேண்டும்.

ஏனென்றால் பருவங்கள் எங்களுக்கும் உண்டு. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் காய்ந்த தரையில் இரண்டே கிழமையில் பச்சை படரும். கார்த்திகையில் வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகைப்பூ சிவப்பும் மஞ்சளுமாக விரியும். மார்கழியில் குளம் வான் பாய்ந்தால் ஊரே பார்க்க ஓடும். தையில் வாடைக்காற்றின் ஈரம் குறைந்து, விடியலில் வயல்மேல் பனி தங்கும். குளத்தின் அலைகரையில் நாரையும் கூழைக்கடாவும் வந்து நிற்கும். மாசியில் காலபோக நெல் மஞ்சள் பிடிக்கும். பங்குனி கழிந்து வெட்டிய வயல் வெறுமையாகக் கிடக்கும்போது காட்டில் கொன்றை பூக்கும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம். சோளகம் அடிக்கத் தொடங்கினால் குளம் வற்றி, வெடித்த தரையில் மாடுகள் நிற்கும். இந்த வட்டத்துக்குள் நடப்பதற்கு மிக நல்ல கிழமைகள் தைப்பொங்கலிலிருந்து சிவராத்திரி வரை. அப்போது வெயில் ஏறப் பத்து மணி ஆகும்.

நடக்க இடம் எங்கே என்பதுதான் கேள்வி. ஊரில் குளக்கட்டுத்தான் பூங்கா. மாலையில் இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கட்டில் இருந்து கதைப்பார்கள். பெண்கள் தனியே வந்து நடப்பது குறைவு. வெளிச்சம் இல்லை, இருக்க வாங்கு இல்லை. போரில் கால் இழந்தவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். கிரவல் கொட்டிய, மழையில் அரித்த கட்டில் ஊன்றுகோலோடு ஏறுவதும், சக்கர நாற்காலியை உருட்டுவதும் நடக்கிற காரியம் அல்ல. பூங்கா யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால் அங்கே வரமுடியவில்லை.

நகரத்தில் பூங்கா வேண்டும் என்ற பேச்சு வந்தால் உடனே குளத்துக்குள் மண் கொட்டி இடம் எடுக்கிற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. வவுனியாக் குளத்தின் ஒரு பகுதி அப்படி நிரப்பப்பட்டபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கொடுத்தது சரி. குளத்தைத் தின்று எழும்புகிற பூங்கா நாளைக்கு எந்தத் தண்ணீரில் பச்சையாக இருக்கும்? நீர் கொள்கிற இடம் சுருங்கினால் மாரியில் ஊருக்குள் வெள்ளம், கோடையில் கிணறு வற்றும். ரன்மசு உயனவைக் கட்டியவர்கள் குளத்தில் ஒரு முழம்கூட எடுக்கவில்லை. கட்டுக்கு வெளியே, பதிந்த நிலத்தில், வாய்க்கால் போகிற வழியில் தோட்டம் போட்டார்கள். எங்கள் குளங்களின் கட்டடியிலும் அப்படி ஒரு துண்டு நிலம் பெரும்பாலும் உண்டு. துரிசிலிருந்து வருகிற வாய்க்காலோரம் மட்டமான ஒரு பாதை, மருதும் நாவலும் பூவரசும், நாலைந்து வாங்கு, விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை. கமக்காரர் அமைப்போடு இருந்து பேசி, கட்டின் உறுதிக்குக் கேடு வராமல் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் கேட்டுச் செய்யவேண்டிய வேலை. கட்டின் மேல் மரம் வைத்தால் வேர் துளைக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தள்ளி நடலாம். காசு அதிகம் வேண்டாம். மரம் நிமிரப் பத்து வருடம் வேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்த மாரியிலேயே கன்று வைக்கவேண்டும்.

அதுவரை அநுராதபுரம் இருக்கிறது. முதல் நாள் இரவே புட்டோ பாணோ கட்டி வைத்துக்கொண்டு விடிய முன் புறப்படுங்கள். மதவாச்சி தாண்டி ரம்பேவயில் திரும்பினால் காலை வெயில் சரிவாக இருக்கும்போதே யானைப் பொய்கைக்குப் போய்ச் சேரலாம். வவுனியாவிலிருந்து ரயிலும் உண்டு. நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். முதலில் தோட்டம், பிறகு இசுருமுனி, வெயில் ஏற முன் கட்டில் ஒரு நடை, கடைசியில் சிறிமாபோதி. மந்திகள் பையைப் பறிக்கும், சாப்பாட்டை வெளியே எடுக்கவேண்டாம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் பாறைப் பக்கத்துப் படிகளில் கைப்பிடித்துக் கொள்ளுங்கள், மழை ஈரத்தில் வழுக்கும். பெரியாசுப்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகிற நாளானாலும் சரி, நோயாளர் பார்க்கிற நேரம் வரும்வரை வாசலில் நின்று கால் கடுக்காமல், ஓட்டோவில் சில நிமிடம் போனால் அந்த நிழல் கிடைக்கும்.